காற்றுக்கு முதுகு காட்டிய வீடு

கிரேக்கத் தீவு ஒன்றில் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்க வேண்டும், ஹோட்டல் அறைகளில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரியாமல் ஒரே வில்லாவை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பெற்றோர், பேரக்குழந்தைகள் என்று மூன்று தலைமுறையும் ஓரிடத்தில் கூடுவதற்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் செலவு சாதாரணமானதல்ல. நல்ல வில்லாவின் ஒரு வார வாடகை பல குடும்பங்களுக்கு நீண்ட நாள் சேமிப்பு. அவ்வளவு பணத்தைக் கொடுத்து எடுக்கும் வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலோர் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வெள்ளைச் சுவர், நீலக் கடல், அந்தக் கடலோடு கலந்துவிட்டதுபோல் தெரியும் நீச்சல்குளம், பக்கத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகள். படத்தில் எல்லாம் இருக்கும். காற்று மட்டும் இருக்காது. ஏஜியன் கடலில் வீடு எடுக்கிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் காற்றைத்தான்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசுகிறது. மெல்டெமி என்று அதற்குப் பெயர். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றோ நாள்கணக்கில் ஓயாது. அரிஸ்டாட்டில் காலத்திலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பால்கன் பகுதியில் காற்றழுத்தம் கூடியும், துருக்கியின் மேட்டு நிலத்தில் குறைந்தும் இருப்பதால் வரும் காற்று இது. துருக்கியில் உள்ள அந்தக் குறைந்த அழுத்தம் தனியானதல்ல. நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் மாபெரும் தாழ்வழுத்தம் மேற்கே நீண்டு அங்கே போய்த் தொடுகிறது. நம் ஊரில் ஆடிக்காற்று அடிக்கும் அதே வாரங்களில் ஏஜியனின் மிகோனோஸ், பாரோஸ் தீவுகளில் கதவுகள் படபடப்பது தற்செயலல்ல.

குன்றின் உச்சியில் வடக்கு பார்த்து நிற்கும் ஒரு விலையுயர்ந்த வில்லாவை ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் நினைத்துப் பாருங்கள். குடைகளை மடக்கிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். சாய்வு நாற்காலிகளின் மெத்தைகளைப் பறக்காமல் இருக்க வீட்டுக்குள் அடுக்கியிருப்பார்கள். வெளியே மேசை போட்டுச் சாப்பிட முடியாது. கண்ணாடிக் கதவை ஒருவர் திறந்தால் அது அறைந்து சாத்திக்கொள்ளாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். குளத்து நீர் விளிம்பு தாண்டிச் சிதறும். குளித்து ஏறும் குழந்தைக்கு அந்த வெயிலிலும் உடல் நடுங்கும். எந்த வெளித்திண்ணைக்காக அத்தனை வாடகை கொடுத்தோமோ அங்கே உட்கார முடியாமல், குடும்பம் முழுவதும் ஏசி அறைக்குள் அடைந்துகிடக்கும்.

அந்தத் தீவுகளின் பழைய மக்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. மிகோனோஸ் ஊருக்குள் போனால் தெருக்கள் ஒடுங்கி, வளைந்து வளைந்து போகும். காற்று நேராக உள்ளே நுழைய வழியில்லை. பழைய வீடுகளில் சுவர் தடிமன், சன்னல் சிறியது. சாண்டோரினியில் திராட்சைக் கொடிக்குப் பந்தல் போட மாட்டார்கள். தரையோடு தரையாகக் கூடைபோல் வளைத்து வளைத்துச் சுற்றிவிடுவார்கள். குலை கூடைக்குள் காற்றுப் படாமல் பழுக்கும். இரவுப் பனியின் ஈரமும் அதற்குள் தங்கும். கொடிக்கே இவ்வளவு பாதுகாப்பு என்றால், வீடு கட்டும் மனையை எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்! உச்சியில் வீடு கட்டிக் காட்சியை விற்கும் பழக்கம் பிற்பாடு வந்தது. இன்றும் நல்ல கட்டடக் கலைஞர்கள் பழைய வழியை விடவில்லை. ஆண்டிபாரோஸ் தீவில் அலோனி என்ற பெயரில் 2008-இல் கட்டி முடித்த வீடு ஒன்று இருக்கிறது. இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே, மண் அதன் கூரைமேல் தொடர்ந்து செல்லும்படி, நிலத்துக்குள் பதுங்கியதுபோல் அமைத்திருக்கிறார்கள். அது காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடு.

ஆகவே வில்லாக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சாப்பாட்டு மேசை போட்டிருக்கும் வெளித்திண்ணை எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதுதான். தெற்கு அல்லது தென்மேற்குச் சரிவில், முதுகுப்பக்கம் மலை இருந்தால் மிகவும் நல்லது. வடக்கில் சுவரோ வீட்டின் உடலோ மறைத்துக்கொண்டிருந்தாலும் போதும். ஆகஸ்ட் மாதம் மாலை நான்கு மணிக்குக் குளத்தருகே நின்று எடுத்த ஒரு காணொளியைக் கேட்டு வாங்குங்கள். ஒலியோடு. குடை விரிந்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சாண்டோரினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரேக்கத் தீவு என்றதும் எல்லோர் மனதிலும் வரும் படம் அதுதான். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்து நிற்கிறது. அதன் செங்குத்தான விளிம்பில் ஓயா, ஃபிரா, இமெரோவிக்லி என்ற ஊர்கள். இன்று மிக அதிக வாடகைக்குப் போகும் குகை வீடுகள் ஒருகாலத்தில் ஏழை மாலுமிகளும் தொழிலாளிகளும் குடியிருந்தவை. எரிமலைச் சாம்பல் இறுகிய மண்ணைக் குடைந்து, மேலே அரைவட்டமாக வளைத்து, முன்பக்கம் மட்டும் ஒரு கதவு, கதவின் இருபுறமும் சன்னல், அதற்கு மேலே வெளிச்சத்துக்கு ஒரு சிறிய துளைச் சன்னல் வைத்துக் கட்டினார்கள். கப்பல் தலைவர்களின் மாளிகைகள் மேட்டில் இருந்தன. 1956 ஜூலை 9 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில் ஓயா பெருமளவு இடிந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பாழடைந்து கிடந்த அந்த வீடுகளைக் கிரேக்கச் சுற்றுலா அமைப்பு 1970-களில் எடுத்துச் செப்பனிட்டு விருந்தினர் இல்லங்களாக மாற்றியது. இன்றைய ஆடம்பரம் அங்கிருந்து தொடங்கியது.

அழகில் அந்த வீடுகளுக்கு ஈடு இல்லை. கோடையில் உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் வீட்டுக்குப் போகப் படிகள், நிறையப் படிகள். பெட்டியைச் சுமையாட்கள் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப்போகிறவர் எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று கேட்காமல் பணம் கட்டக்கூடாது. இன்னொன்று, ஒரு வீட்டின் முற்றம் மேல்வீட்டுக்குத் திறந்து தெரியும். ஓயாவில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூடும் கூட்டத்துக்குக் கீழே உங்கள் குளியல் தொட்டி இருக்கும். தனிமைக்காக வில்லா எடுப்பவருக்கு அது பொருந்தாது. எரிமலை விளிம்பிலிருந்து கடலில் இறங்கிக் குளிப்பதும் எளிதல்ல. கமாரி, பெரிசா போன்ற கருமணல் கடற்கரைகள் தீவின் மறுபக்கம், கிழக்கே இருக்கின்றன. இரண்டு இரவு அங்கே தங்கிப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு தங்கும் வாரத்தை வேறு தீவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

வேறு தீவு என்றால், காற்றுக்கு அஞ்சுகிறவர்கள் மேற்கே அயோனியக் கடல் பக்கம் திரும்பலாம். கோர்ஃபு, பாக்சோஸ், லெஃப்கடா, கெஃபலோனியா. மெல்டெமியின் சீற்றம் அங்கே இல்லை. வெள்ளைச் சதுர வீடுகளும் இல்லை. நூற்றாண்டுக்கணக்கில் வெனிஸ் ஆட்சியில் இருந்த தீவுகள் என்பதால் ஓட்டுக்கூரை, காவியும் மஞ்சளும் பூசிய சுவர், எங்கு பார்த்தாலும் ஒலிவ மரம். கோர்ஃபுவில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. சாண்டோரினியில் அதில் பாதிகூடக் கிடையாது. அந்தப் பச்சைக்கு அதுவே காரணம். 1935-இல் ஜெரால்ட் டர்ரெல் என்ற சிறுவன் தன் தாயோடும் அண்ணன் அக்காளோடும் கோர்ஃபுவுக்கு வந்து, அடுத்தடுத்து வில்லாக்களில் குடியிருந்து, பின்னாளில் அதைப் பற்றி உலகப் புகழ்பெற்ற நூல் எழுதினார். அண்ணன் லாரன்ஸ் டர்ரெல் வசித்த வெள்ளை வீடு கலாமி விரிகுடாவின் கரையில், தண்ணீரை ஒட்டி இன்றும் நிற்கிறது. அந்த வடகிழக்குக் கரை முழுவதும் சிறு சிறு குடாக்கள். எதிரே அல்பேனிய மலைகள். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான்.

காற்றுக்கு அடுத்தது தண்ணீர். இதில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் உண்டு. மிகோனோஸ், பாரோஸ், சாண்டோரினி அடங்கிய சைக்ளேட்ஸ் தீவுகளில் பெரும்பாலும் ஆறு என்று சொல்ல எதுவும் இல்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் வாழ்ந்தார்கள். இன்று பல தீவுகளுக்குக் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிறார்கள். 2024 கோடையில் நக்சோஸ் தீவின் நீர்த்தேக்கங்கள் ஏறக்குறைய வற்றிவிட்டன. அந்தத் தீவின் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு விவசாயம் அடிவாங்கியது. அப்படிப்பட்ட மண்ணில் வில்லாவுக்கு ஒரு குளம், சில இடங்களில் படுக்கையறைக்கு ஒரு குளம் என்று வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடல் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் குளம் இல்லாத வீட்டை எடுங்கள். குளம் வேண்டும் என்றால் கடல்நீரை நிரப்பும் குளங்கள் உண்டு, அதைக் கேளுங்கள். சிறு குழந்தை இருந்தால் குளத்தைச் சுற்றி வேலி உண்டா என்பதும் முக்கியம். பல வில்லாக்களில் இருக்காது.

கடற்கரை பற்றி ஒரு சொல். விளம்பரத்தில் ‘தனியார் கடற்கரை’ என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து. வீட்டிலிருந்து இறங்கத் தனிப் படிக்கட்டு இருக்கலாம், மணல் எல்லோருக்கும் உரியது. 2023-இல் பாரோஸ் தீவு மக்கள், வாடகைச் சாய்வு நாற்காலிகள் கரையை அடைத்துக்கொள்வதை எதிர்த்துத் துண்டும் கையுமாகத் திரண்டு ஊர்வலம் போனார்கள். மற்றத் தீவுகளுக்கும் அது பரவி, மறு ஆண்டே சட்டம் கடுமையானது. அந்த மக்கள் செய்தது மிகச் சரியான காரியம்.

வழி, வண்டி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதையா என்று கேளுங்கள். வாடகைக் காரின் சாதாரணக் காப்பீட்டில் டயரும் அடிப்பாகமும் பெரும்பாலும் சேராது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டைப் புறப்படுமுன் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஹைட்ரா தீவில் கார் என்ற பேச்சே இல்லை, பெட்டியைக் கழுதையும் கோவேறு கழுதையும் சுமக்கும். அதை விரும்புகிறவர்களுக்கு அது சொர்க்கம். காற்று பலமானால் அதிவேகப் படகுகளை முதலில் நிறுத்துவார்கள், பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகுதான் நிற்கும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ‘பத்துப் பேர் தங்கலாம்’ என்று போட்டிருந்தால் தரைப்படம் கேளுங்கள். இரண்டு படுக்கையறைகள் முற்றத்துக்கு அப்பால் தனிக் கட்டடத்தில் இருக்கும். தாத்தாவும் பாட்டியும் இரவில் அங்கே தனியாக இருக்க வேண்டிவரும்.

பணம் கட்டுமுன் பதிவெண்ணைப் பாருங்கள். குறுகியகால வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிரேக்க வருவாய்த் துறையின் பதிவெண் இருக்க வேண்டும், அதை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். முறையான சுற்றுலா வில்லா என்றால் சுற்றுலாத் துறை வழங்கிய எண் இருக்கும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. மிகோனோஸில் அனுமதியில்லாக் கட்டடங்கள் பெரிய பிரச்சினை. அங்கே கட்டட விதிமீறல்களைக் கவனித்துவந்த அரசுத் தொல்லியலாளர் ஒருவரை 2023 மார்ச்சில் ஏதென்ஸ் தெருவில் அடித்துப் போட்டார்கள். நாடே கொதித்தது. அதன்பின் அரசு பல இடங்களில் சோதனை நடத்தியது. எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். வாடகைக்கு மேல் காலநிலைக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு: 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீட்டுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் இரவுக்கு 15 யூரோ என்று 2025-இல் உயர்த்தினார்கள். அது வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறை கட்டிப்போடாதவர்கள் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டுச் செப்டம்பர் நடுவில் போகலாம். மெல்டெமி தணிந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும், கோடை முழுவதும் சூடேறிய கடலில் பாட்டிகூடத் தயங்காமல் இறங்கலாம். என்னைக் கேட்டால், அப்போது நக்சோஸின் மேற்குக் கரையில் அகியோஸ் புரோகோபியோஸ் பக்கம், கடலுக்கு ஐந்து நிமிட நடையில், வடக்கே மறைப்பும் தெற்கே திண்ணையும் உள்ள, குளம் இல்லாத ஒரு கல்வீட்டைத்தான் முதலில் தேடுவேன்.