வட்டம் போட்டால் போதாது, நடந்து பார்க்க வேண்டும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொதுக் கழிப்பறையோ சுகாதார நிலையமோ வரப்போகிறது என்றால், "வரட்டும், ஆனால் நம்ம கேட் பக்கம் வேண்டாம்" என்றுதான் முதலில் சொல்கிறோம். பிறகு எங்கேதான் வரவேண்டும்? அதற்கு விடை தேட உதவுவதுதான் ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் வரைபடம்.

இந்த யோசனை கணினிக்கு முந்தியது. 1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைத் தெருப்படத்தில் குறித்தார். பலருக்கும் தெரிந்த கதை இது. அதோடு இன்னொன்றும் செய்தார். அந்தத் தெருவின் அடிபம்பு யாருக்கெல்லாம் பக்கம், எங்கிருந்து வேறு பம்பு பக்கமாகிறது என்று எல்லைக்கோடு போட்டார். அவர் கணக்கிட்டது நேர்கோட்டுத் தூரத்தை அல்ல, தெரு வழியே நடக்கும் தூரத்தை. அந்தக் கோட்டைத் தாண்டியதும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன.

சென்னைக்கு இந்தப் பாடம் நன்றாகவே பொருந்தும். வரைபடத்தில் 500 மீட்டருக்கு வட்டம் போடுவது சுலபம். பக்கிங்காம் கால்வாயின் இக்கரையில் நின்றால் அக்கரைக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். பாலம் தேடி நடக்கும்போதுதான் உண்மையான தூரம் காலுக்குத் தெரியும். ரயில் பாதையும் தடுப்புச்சுவர் வைத்த சாலையும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள், சாலை வழித் தூரத்தையே கணக்கிட்டுக் காட்டும்.

அடுத்தது, யாருக்காக என்ற கேள்வி. சுமார் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோல். அதற்குக் குடியிருப்போர் கணக்கு உதவும். கழிப்பறைக்கு அது போதாது. பகலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே முக்கியம். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காமார்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள், டெலிவரிக்கு வரும் பையன்கள் எல்லோரும் வேறெங்கோ குடியிருப்பவர்கள். நம் தெருவின் மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். ஆனால் எட்டு மணிநேரம் இங்கேதான் இருக்கிறார்கள்.

மென்பொருளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். எந்த நடைபாதை உடைந்திருக்கிறது, எந்தச் சந்து மழைக்கு முழங்கால் தண்ணீர், எந்த வழி இரவில் இருட்டு, எந்த கேட் பூட்டியே கிடக்கிறது என்பதெல்லாம் இங்கே நடப்பவர்களுக்குத்தான் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதைகளையும் கேட்டுகளையும் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளுக்கு ஒரு தெருவாக நடந்து குறிப்போம். இங்கே வேலை செய்பவர்களிடமும் கேட்போம். அந்த வரைபடத்தோடு மாநகராட்சியிடம் மனு கொடுப்போம். சரியான இடம் நம் கேட்டுக்கு எதிரிலேயே என்று வந்தால், அதையும் மறைக்காமல் எழுதிக் கொடுப்போம். அந்த மனதுக்கு நாம் தயாரானால்தான் வரைபடத்தால் பயன் உண்டு.