பாரிஸ்டர் காந்தியும் பற்றுவரவு ஏடும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வழக்கறிஞர் தொழிலைப் பற்றிச் சில சொல்ல வேண்டுமென்று செயலாளர் நம்மைப் பணித்தார். வழக்கு என்றதும் கொலைக் குற்றமும் குறுக்கு விசாரணையும் நினைவுக்கு வருவது இயல்பு. திரைப்படங்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. ஆனால், நம்மைப் போன்ற குடும்பத்தார் நீதிமன்றப் படியேற நேர்ந்தால், அது பெரும்பாலும் சிவில் வழக்காகவே இருக்கும். ஊரில் விட்டுவந்த பூர்விக வீட்டில் பங்கு, குடிக்கூலிப் பாக்கி, கைமாற்றாகக் கொடுத்த பணம், இரு வீட்டுக்கு நடுவே நிற்கும் ஒரு சுவர், இவைதாம். சுவரை எழுப்பிய செலவைப்போல் பன்மடங்கு அதன்பொருட்டு வழக்காடிச் செலவழித்தோரை நாம் அறிவோம். அவர்கள் பிள்ளைகள் இன்றும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

ஆகவே, சிவில் வழக்குகளில் உழன்ற ஒரு பாரிஸ்டரைப் பற்றி இன்று பேசலாமென எண்ணினோம். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மகாத்மாவை அறியாதார் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கட்சிக்காரரிடம் கட்டணம் பெற்று வழக்காடிய பாரிஸ்டரை நினைப்பார் சிலரே. நாம் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவர் தமது 'சத்திய சோதனை'யில் எழுதிவைத்ததே.

1888-இல் அவர் லண்டன் சென்று இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அந்நாளில் பாரிஸ்டராவதற்குத் தேர்வெழுதுவதோடு, பருவந்தோறும் குறித்த எண்ணிக்கையில் கழகத்து விருந்துகளில் அமர்ந்தும் ஆக வேண்டும். நால்வர் கொண்ட ஒவ்வொரு பந்திக்கும் இரண்டு புட்டி மது உண்டு. காந்தி மதுவைத் தொடார். ஆதலால், அவரைத் தம் பந்தியில் சேர்த்துக்கொள்ள மாணவரிடையே போட்டியாம்! 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டரானார். 11 அன்று பதிவு செய்துகொண்டார். 12 அன்று கப்பலேறினார். ரோமானியச் சட்டத்தை லத்தீன் மொழியிலேயே படித்தவருக்கு ஒரு பிராது எழுதத் தெரியவில்லை. அதை எந்த விருந்திலும் பரிமாறவில்லை போலும்.

பம்பாயில் அவருக்குக் கிடைத்த முதல் வழக்கு, ஸ்மால்காஸ் கோர்ட்டில் ஒரு சிறு சிவில் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். தரகருக்குக் கமிஷன் தர அவர் மறுத்துவிட்டார். பிரதிவாதிக்காக எழுந்து நின்றவருக்குத் தலை சுழன்றது. வாதியின் சாட்சியைக் கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. அமர்ந்துவிட்டார். வாங்கிய பணம் திரும்பிற்று. வேறொரு வக்கீல் 51 ரூபாய்க்கு அவ்வழக்கை நடத்தினார். ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு 75 ரூபாய்ச் சம்பளத்தில் முயன்றார். பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர் என்று அதுவும் மறுக்கப்பட்டது. பின்னர் ராஜ்கோட்டுக்குத் திரும்பி, பிறருக்கு மனுக்கள் எழுதித் தந்து மாதம் 300 ரூபாய் அளவில் ஈட்டிவந்தார்.

அந்நிலையில்தான் தென்னாப்பிரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. போர்பந்தரைச் சேர்ந்த தாதா அப்துல்லா கம்பெனியார், தம் உறவினரும் பெருவணிகருமான தயப் சேட்டின்மீது பிரிட்டோரியாவில் 40,000 பவுனுக்கு வழக்குத் தொடுத்திருந்தனர். ஓராண்டுப் பணி, 105 பவுன் சம்பளம், போகவர முதல் வகுப்புக் கட்டணம். 1893 ஏப்ரலில் அவர் புறப்பட்டார். வழியில் சான்ஸிபார் நீதிமன்றத்தை எட்டிப் பார்த்தபோது, ஒரு பார்சி வக்கீல் கணக்கேட்டின் பற்றையும் வரவையும் பற்றிச் சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தார். நம் பாரிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் நடத்தச் செல்லும் வழக்கோ முற்றிலும் கணக்கு வழக்கு. பிராமிசரி நோட்டு என்றால் என்னவென்றே அப்போதுதான் தெரிந்துகொண்டாராம். உடனே கணக்குப் பதிவு நூலொன்றை வாங்கிப் படித்தார். பின்னர் பிரிட்டோரியாவில் குஜராத்திக் கடிதங்களை மொழிபெயர்த்து, கணக்கேடுகளை வரிவரியாகப் புரட்டினார். வழக்கில் முக்கால் பங்கு நடந்த செய்திகளே, சட்டம் பின்னர்தான் என்று லண்டனில் பின்கட் என்னும் பெரியவர் சொன்ன அறிவுரையின் பொருள் அவருக்குப் புலனாயிற்று. இத்தொழிலில் இருப்போர் யாரும் இதை மறுக்கமாட்டார்.

தம் கட்சிக்காரர் பக்கம் வலுவானது என்று கண்ட பின்னர் அவர் செய்ததே நாம் கவனிக்கத்தக்கது. இரு தரப்பாரும் உறவினர், ஒரே ஊரினர். வக்கீல் கட்டணமோ ஏறிக்கொண்டே போயிற்று. வழக்கு நீண்டால் வென்றவருக்கும் மிஞ்சுவது ஏதுமில்லை. அவரே தயப் சேட்டிடம் சென்று, மத்தியஸ்தத்துக்கு இணங்குமாறு வற்புறுத்தினார். மத்தியஸ்தர் முன் விசாரணை நடந்து, தாதா அப்துல்லாவுக்கே வெற்றி கிட்டிற்று. தயப் சேட் தர வேண்டியது 37,000 பவுனும் செலவும். அதனை ஒரே தடவையில் கொடுத்தால் அவர் திவாலாவது உறுதி. அந்த மேமன் வணிகர்களுக்கோ திவாலாவதினும் சாவு மேல். எனவே காந்தி தம் கட்சிக்காரரிடமே மன்றாடி, நெடுங்காலத் தவணைகளுக்கு இசைய வைத்தார். மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்ததைவிட இதுவே கடினமாக இருந்ததென்று அவர் எழுதுகிறார். நாமும் நம்புகிறோம். டிக்ரி பெற்ற பின்னரே வாதியின் தொல்லை தொடங்குகிறது என்பது நீதிமன்றங்களில் பழகிய பேச்சு. தோற்றவரை வாழவிட்டால்தான் வென்ற பணம் கைக்கு வரும். நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலும், மத்தியஸ்தம், சமரசம் முதலிய வழிகளுக்கு நீதிமன்றமே வழக்கை அனுப்ப இடமளிக்கும் 89-ஆம் பிரிவு 2002-இல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே தமிழரான நாம் மறக்கலாகாத ஒருவரையும் குறிப்பிட வேண்டும். 1894-இல் காந்தி நேட்டால் உயர் நீதிமன்றத்தில் பதிவு பெற்றார். வெள்ளை வக்கீல் சங்கம் எதிர்த்தும் பிரதம நீதிபதி இசைந்தார். அதன்பின் சில மாதங்களுக்குள், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி ஒழுக, கிழிந்த உடையும் கையில் தலைப்பாகையுமாக ஒரு தமிழர் அவர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. எசமானன் அடித்திருந்தான். காந்தியின் குமாஸ்தாவும் தமிழர் ஆதலால், நடந்ததைக் கேட்டறிய முடிந்தது. சிவில் சட்டத்தின் அருமை இவ்விடத்தில் விளங்கும். சாதாரண வேலையாள் சொல்லாமல் வேலையைவிட்டு நின்றால், எசமானன் அவன்மீது சிவில் வழக்குத்தான் தொடரலாம். ஒப்பந்தக் கூலி நின்றாலோ அது குற்றம், சிறை. ஒருவன் சுதந்திர மனிதனா, பாதி அடிமையா என்பதை, அவனை எந்த நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்பதே காட்டிற்று. எசமானனைத் தண்டிப்பதில் காந்தி நாட்டங்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றச் செய்து பாலசுந்தரத்தை விடுவித்தார். அச்செய்தி சென்னை வரையில் பரவிற்று.

ஜோகன்னஸ்பர்கில், இந்தியர் குடியிருப்பை நகரசபை எடுத்துக்கொண்டபோது எழுந்த நஷ்டஈட்டு வழக்குகளையும் அவர் நடத்தினார். ஏறத்தாழ 70 வழக்குகளில் ஒன்றே தோற்றது. வென்றாலும் தோற்றாலும் வழக்குக்கு 10 பவுன் என்பதே அவர் விதித்த கட்டணம்.

இறுதியாக ஒரு வழக்கு. நீண்ட, சிக்கலான கணக்குகள். நீதிமன்றம் அவற்றைக் கணக்கறிந்த மத்தியஸ்தரிடம் விட்டது. தீர்ப்பு முழுதும் காந்தியின் கட்சிக்காரருக்குச் சாதகமாயிற்று. ஆனால், பற்றில் எழுத வேண்டிய ஒரு தொகையை மத்தியஸ்தர் வரவில் எழுதிவிட்டனர். எதிர்க்கட்சியார் அதைக் கண்டுகொள்ளாமல் வேறு காரணங்களைச் சொல்லித் தீர்ப்பை எதிர்த்தனர். பிழையை நாமாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஒப்புக்கொண்டால் தீர்ப்பே ரத்தாகலாம் என்றார் மூத்த வக்கீல். இளைய வக்கீலான காந்தியோ ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றார். அப்படியானால் தாம் வாதிக்க மாட்டேன் என்று மூத்தவர் விலகினார். கட்சிக்காரர் சற்று எண்ணிப் பார்த்து, "நீங்களே வாதியுங்கள், தோற்பதானால் தோற்போம்" என்றாராம். ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு கைநழுவலாம் என்று தெரிந்தே அப்படிச் சொன்ன அந்த வணிகரின் துணிவு, நம் எண்ணத்தில், பாரிஸ்டரின் துணிவுக்குக் குறைந்ததன்று.

காந்தி பிழையை எடுத்துரைத்ததும், இது தந்திரமில்லையா என்று நீதிபதிகளில் ஒருவர் கேட்டார். காந்திக்கு உள்ளம் கொதித்தது; எனினும் பொறுமையாக விளக்கினார். மெல்ல மெல்ல நீதிபதிகள் செவிசாய்த்தனர். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தபோது கேள்விகள் அவரை நோக்கித் திரும்பின. காந்தி சொல்லாதிருந்தால் நீர் என்ன செய்திருப்பீர் என்றனர். அவரால் அந்த ஒரு கைப்பிழையைத் தவிர வேறெதையும் காட்ட இயலவில்லை. பிழை திருத்தப்பட்டு, தீர்ப்பு உறுதியாயிற்று.

1922-இல் அவர் சிறைத்தண்டனை பெற்ற பின்னர் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பதிவிலிருந்து நீக்கியது. 1988-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

அடுத்துச் சிறுவர்களின் பாட்டு இருக்கிறது. அவர்களைக் காக்கவைப்பது முறையன்று.