பன்றி இறைச்சிச் சமையல்: சுவையும் சுகாதாரமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பன்றி இறைச்சியை வீட்டில் சுவையாகச் சமைப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அரசாங்கக் கூட்டத்தில் இது ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். இவ்விறைச்சியை உண்ணாதவர் நம்மிடையே பலர் உளர். அவர்களுடைய வழக்கத்தை நாம் மதிக்கிறோம். உண்பவரும் பலர் உளர். அவர்களுடைய உணவு சபையில் பேசத் தகாதது என்று ஒதுக்கப்பட்டமையால், அதனை நலமாக உண்ணும் முறையும் அவர்களுக்கு எடுத்துரைக்கப்படாமற் போயிற்று. உண்ணாதவருக்கும் இதில் அக்கறை வேண்டும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இது நமக்குப் புதிய உணவு அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்தி வருகிறது. ஆண்பன்றியைப் பெண்பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவைத் தீனியாகக் கொடுத்துப் பல நாள் வளர்த்து, அதன் கொழுத்த இறைச்சியை விருந்தாக அளித்தார்களாம். நல்ல கறி அடுப்பில் தொடங்குவதில்லை, பட்டியில் தொடங்குகிறது என்பதை அக்கால மக்கள் அறிந்திருந்தனர்.

இன்றும் அதுவே உண்மை. காயடிக்காமல் முதிர்ந்த ஆண்பன்றியின் இறைச்சியில் ஒருவகை முடைநாற்றம் வீசும். எந்த மசாலையும் அதை மறைக்காது. ஆண்குட்டிகளை இளமையிலேயே கால்நடை மருத்துவரைக் கொண்டு காயடித்துவிட்டால் இக்குறை நேராது.

அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. வெளியில் கழிக்கப்பட்ட மலத்தைத் தெருவில் அலையும் பன்றி தின்கிறது. அம்மலத்தில் நாடாப்புழுவின் முட்டை இருப்பின், அது பன்றியின் தசையில் அரிசி மணி போன்ற வெண்ணிறக் கொப்புளங்களாக வளர்கிறது. அவ்விறைச்சியை அரைவேக்காடாக உண்பவரின் குடலில் 2 முதல் 7 மீட்டர் நீளமுள்ள நாடாப்புழு உண்டாகிறது. அவருடைய மலத்தின் வழியாக முட்டைகள் மீண்டும் மண்ணையும் நீரையும் அடைகின்றன. கழுவாத கையாலோ, காய்கறியாலோ, குடிநீராலோ அம்முட்டை ஒருவர் வயிற்றிற்குள் சென்றால், புழுவின் கொப்புளம் அவருடைய மூளையிலேயே தங்கி வலிப்பை உண்டாக்கலாம். இந்நோய் பரவியுள்ள பல பகுதிகளில், வலிப்பு நோயாளருள் 100-க்கு 30 பேருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நாம் பணியாற்றிய ஒரு சிற்றூரில் பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. மாதக்கணக்கில் மந்திரித்துப் பார்த்தனர். பின்னர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் மூளையில் இப்புழு தங்கியிருப்பது தெரிந்தது. அக்குடும்பத்தார் பன்றி இறைச்சியைத் தொட்டதேயில்லை! மருத்துவத்தால் சிறுமி தேறினாள். உண்ணாதவருக்கும் அக்கறை வேண்டும் என்றது இதனால்தான்.

இதற்கு அஞ்சி உணவையே விட வேண்டுவதில்லை. நன்றாக வெந்த இறைச்சியில் இப்புழு உயிரோடிராது. பன்றி இறைச்சிக்குச் சுவை தருவதும் அதே நிதான வேக்காடுதான். எமக்குத் தெரிந்த ஒரு பக்குவத்தைக் கூறுகிறோம்.

எலும்பும் சிறிது கொழுப்பும் சேர்ந்த இறைச்சி 1 கிலோ வாங்குங்கள். வெண்கொப்புளம் தென்பட்டால் வாங்காதீர்கள். ஓரங்குலத் துண்டுகளாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் பிசறி அரைமணி நேரம் வையுங்கள். கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வேறு பொருளைத் தொடுங்கள்.

எண்ணெய் வேண்டாம். கொழுப்புத் துண்டுகளை மட்டும் முதலில் சட்டியிலிட்டு, சிறு தீயில் உருக விடுங்கள். மிகுதியை வடித்துவிட்டு, மீந்த நெய்யில் கால் கிலோ சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நசுக்கிய இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சிவக்க வதக்கி, இறைச்சியைச் சேர்த்துக் கிளறுங்கள். அது விடும் நீர் சுண்டியபின், மூழ்குமளவு வெந்நீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் ஒருமணி நேரத்திற்குக் குறையாமல் வேகவிடுங்கள். மல்லி 3 மேசைக்கரண்டி, மிளகு 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகாய் வற்றல் 6 ஆகியவற்றை வறுத்துப் பொடித்து அதன்பின் சேர்த்து, நீர் வற்றும்வரை சுருட்டுங்கள்.

புளிப்பைக் கடைசியில் சேர்ப்பது நலம். குடகு நாட்டார் தம் பந்திக்கறியில் குடம்புளிச் சாற்றைக் காய்ச்சிய கச்சம்புளியைச் சேர்த்துக் கடம்புட்டோடு உண்பர். நமக்குச் சிறிது புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ போதும். கொழுப்பின் திகட்டலை அது மாற்றும்.

பெரிய துண்டொன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே செந்நிறமோ சிவந்த நீரோ இருத்தலாகாது. சதை எலும்பைவிட்டுத் தானே கழல வேண்டும். பன்றி அறுத்த இடத்தில் தீயில் வாட்டிய துண்டுகளை உடனே உண்ணும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உப்புக்கண்டத்தையும், வெயிலில் காய்ந்ததுதானே என்று எண்ணாமல், வேகவைத்தே உண்ணுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் கட்டிய கழிப்பறைகளுள் சில, விறகு அடுக்கும் அறைகளாக நிற்பதை நாமே கண்டிருக்கிறோம். அவற்றைப் பயன்படுத்தச் செய்யுங்கள். பன்றி வளர்ப்போரை ஊரைவிட்டு விரட்டுவது தீர்வாகாது. பட்டியில் அடைத்து நல்ல தீனியிட்டு வளர்க்க அவர்களுக்கு வழி காட்டுங்கள். வெண்பன்றி வளர்ப்பு முறைகளை அறியக் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் இதை வெட்கமின்றிப் பேசுங்கள்.

கழிப்பறையும் பட்டியும் சரியாக இருந்து, அடுப்பில் அவசரமும் இல்லையென்றால், சட்டியிலுள்ள கறி சுவையாகவும் இருக்கும்; அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் தீங்கு செய்யாது.