குறித்தகடு



ஊவா மலைத்தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்டவாளத் துண்டின் ஓசை நன்கு பழக்கமானது. பிரட்டுக் களத்திலும் பாடசாலை முற்றத்திலும் அதுவே மணியாகத் தொங்கியது. ஒரு முழத் துண்டைக் கம்பியிற் கட்டிச் சுத்தியலால் அடித்தால் எதிர்மலையில் கொழுந்து பறிப்பவருக்கும் கேட்கும். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை ஹாலிஎலவுக்குச் செய்த சிறு உபகாரங்களுள் இதனையும் சேர்க்கலாம்.

துவக்குச் சுடும் பயிற்சியில் உருக்குத் தகட்டை இலக்காக நிறுத்துவோர் விரும்புவதும் இத்தகைய ஓசையையே. கடதாசி இலக்காயின் சன்னம் எங்கே பட்டதென்று நடந்து சென்று பார்த்தல் வேண்டும். தகடு பட்ட கணத்திலேயே பதில் சொல்லிவிடும். பனிநாடுகளில் நடக்கும் பயத்லோன் என்னும் பந்தயத்தில், சறுக்கி வந்து மூச்சிரைக்க நிற்கும் வீரர் 50 மீற்றர் தூரத்திலுள்ள உலோக வட்டங்களைச் சுடுகிறார். படுத்துச் சுடுகையில் வட்டத்தின் அகலம் 45 மில்லிமீற்றர். நின்று சுடுகையில் 115 மில்லிமீற்றர்.

எந்தத் தகடும் இதற்கு உதவுமா? உதவாது என்பதை நான் பத்து வயதிற் கண்டேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். லயத்துக்குப் பின்னாலிருந்த மரக்கறிப் பாத்திகளைப் பன்றிகள் உழுதுவிட்டன. துவக்கு வைத்திருந்த ஒருவர், இரவுக் காவலுக்குப் போகுமுன் அதனைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். தேயிலை உலர்த்தும் அடுப்பிலிருந்து கழற்றி எறிந்த பழைய இரும்புத் தகடொன்றை மண்மேட்டிற் சாய்த்துவைத்து, பதினைந்து அடி எட்டில் நின்று சுட்டார். சிறுவர்கள் நாங்கள் அவர் பின்னால் நின்று கைதட்டினோம். முதல் வெடிக்குத் தகடு கணீரென்றது. இரண்டாவது, மூன்றாவது வெடிகளில் அதன் நடுப்பகுதி குழிந்தது. நான்காவது வெடியில் ஈய ரவையொன்று திரும்பி வந்து, எனக்கு அருகில் நின்றவனின் இடக்கண்ணிற் பட்டது. அந்தக் கண்ணுக்குப் பார்வை பிறகு வரவேயில்லை. ஒற்றைக் கண்ணோடு அவன் கரம் விளையாட்டில் என்னைப் பலமுறை வென்றிருக்கிறான் என்பது வேறு கதை.

எல்லோரும் கெட்ட நேரத்தின்மீது பழி போட்டார்கள். உண்மையில் பழி தகட்டையும் தூரத்தையுமே சாரும். ஈயச் சன்னம் கடினமான சமதளத்தில் மோதும்போது, கல்லில் அறைந்த தக்காளிப் பழம்போலச் சிதைந்து, தகட்டின் முகத்தை ஒட்டியபடி நாற்புறமும் பக்கவாட்டிற் சிதறுகிறது. சுடுபவரை நோக்கி வருவது மிகக் குறைவு. தகடு மென்மையாயிருந்தால் அதில் குழி விழும். அடுத்த சன்னம் குழியின் சரிவிலே வழுக்கி, கிண்ணத்தில் ஊற்றிய நீர் மேலெழுவது போல வந்த வழியே திரும்பக்கூடும். ஆகவே கடினத்தை நாம் தேடுவது தகடு நெடுநாள் உழைப்பதற்காக மாத்திரமன்று. அதன் முகம் சமமாகவே இருந்தால்தான் சிதறல் பக்கவாட்டிற் போகும்.

கடினத்தை அளப்பதற்கு சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பிரினெல் என்பவர் 1900ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார். 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டொன்றை 3000 கிலோகிராம் பாரத்தால் உலோகத்தில் அழுத்தி, விழுந்த பள்ளத்தின் அகலத்தை அளப்பதே அது. கட்டடங்களிற் பயன்படும் சாதாரண மெல்லுருக்கு இவ்வளவையில் 120 அல்லது அதற்குச் சற்று மேல் நிற்கும். இலக்குக்கு நல்லதென்று கொள்ளப்படும் தகடு ஏறத்தாழ 500. இந்த உருக்கு துவக்குக்காகப் பிறந்ததன்று. கல்லுடைக்கும் இயந்திரங்களின் உட்புறத்திலும் மண்ணள்ளும் வாளிகளிலும் தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்படுவது. கண்ணாற் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். அரத்தைத் தேய்த்துப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்: மெல்லுருக்கை அரம் உடனே கடிக்கும், இதில் வழுக்கும்.

கடினம் அளவு மீறினால் உருக்கு கண்ணாடிபோல் உடையும். இதனைத் தோட்டத்துக் கொல்லர்கள் நன்கறிவர். லொறியின் வில்லுத் தகட்டிலிருந்து கவ்வாத்துக் கத்தி செய்பவர், சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்ததோடு நிறுத்துவதில்லை. மீண்டும் மெல்லச் சூடேற்றி, வைக்கோல் நிறம் படர்ந்ததும் எடுத்துவிடுவார். பதம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நமக்குத் தெற்கே, பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவிப் பிரதேசத்தில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் உலைகள் அமைத்து, பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு மனிதர் இரும்பு உருக்கினர். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அவ்வுலைகளை அகழ்ந்து, அவற்றைப் போன்ற உலையொன்றைக் கட்டிக் காற்றில் இயக்கிக் கரிச்சத்து மிகுந்த உருக்கையும் பெற்று, 1996ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தார். அந்தக் காற்று இன்றும் வீசுகிறது. நாமோ உருக்கைக் கப்பலில் வரவழைக்கிறோம்.

நல்ல தகட்டையும் வெட்டுபவர் கெடுத்துவிடலாம். வாயுச் சுவாலையால் வெட்டினால் விளிம்பு வெந்து பதம் இழக்கும். ஒட்டு வேலையும் அவ்வாறே. நீர்த்தாரையால் வெட்டுவிப்பதும், துளையிட்டுச் சங்கிலியில் தொங்கவிடுவதும் நன்று. தொங்கும் தகடு அடியை வாங்கி ஊசலாடும். மேல்விளிம்பு சுடுபவரை நோக்கிச் சற்றே கவிழ்ந்திருந்தால் சிதறலிற் பெரும்பகுதி நிலத்திற் புதையும். சிறு துவக்குக்கு கால் அங்குலக் கனம் போதும். பெரிய துவக்குக்கு எட்டில் மூன்று அங்குலம் வேண்டும். நூறு யார் தூரத்திற்குக் குறைவாக அதனைத் தகட்டின்மேற் சுடலாகாது. சன்னத்தின் பாரத்தைவிட வேகமே தகட்டை அதிகம் கெடுக்கிறது; விநாடிக்கு 900 மீற்றருக்கு மேற்பட்ட வேகம் 500 அளவுள்ள தகட்டிலும் குழி விழுத்தும். உருக்கு உள்ளீடு கொண்ட சன்னத்தை எத்தகட்டின்மேலும் சுடலாகாது. குழி விழுந்த தகட்டைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி அணியாமல் எவரும் அருகில் நிற்கலாகாது.

தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு போவர் யுத்தக் கைதிகளுக்கென முகாம் எழுந்த நாள்முதல் படையினரைக் கண்டுவரும் பிரதேசம் நம்முடையது. ஆயினும் இவ்விஷயத்தை நான் பேச எடுத்தமைக்குக் காரணம் வேறு. அண்மையில் நலன்விரும்பி ஒருவர், மாணவரின் வாயுத் துவக்குப் பயிற்சிக்கென்று பழைய தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இரும்புத் தகடொன்றை அன்போடு கொண்டுவந்தார். வாயுத் துவக்குக்குத் தூரம் 10 மீற்றர்தான், ரவை 4.5 மில்லிமீற்றர். வேகம் குறைவாயினும் கண் கண்தானே. அவர் மனம் நோகாதபடி தகட்டை வாங்கிக்கொண்டேன். இலக்கு கடதாசியாகவே இருக்கட்டும் என்றேன். தகட்டைப் பெட்டியொன்றினுள் கடதாசிக்குப் பின்னால், ரவைகள் கீழ்நோக்கி விழும்படி நன்கு சரித்துப் பொருத்தி, அடியில் மணல் நிரப்பினோம். பயிற்சி முடிந்ததும் மணலைச் சலித்து ஈயத்தை எடுப்பதும், தகட்டைக் கைவிளக்கால் பார்த்துக் குழி தேடுவதும் மாணவத் தலைவரின் பொறுப்பு. அவன் தேதியிட்டு எழுதும் கொப்பி என் மேசைமேல் இருக்கிறது.