சத்தத்தை விழுங்கும் தேன்கூடு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏரோப்ளேன்ல உனக்கு என்னப்பா வேலை?" என்று வளையமாதேவியில் கேட்பவர்களுக்கு நான் குடத்தைக் காட்டித்தான் பதில் சொல்வது வழக்கம். அடிபம்பில் குடம் நிரம்ப நிரம்ப, உள்ளே காற்று குறையக் குறைய, சத்தம் கீச்சென்று மேலே ஏறுகிறதல்லவா? அந்தக் கணக்குதான் என் பிழைப்பு.

ஜெட் என்ஜினின் முன்வாய்ச் சுவரில் பொடிப்பொடியாக ஓட்டை போட்ட தகடு இருக்கும். பின்னால் தேன்கூடு மாதிரி அறைகள். அதற்கும் பின்னால் ஓட்டையில்லாத தகடு. 22 இறக்கை கொண்ட விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், வினாடிக்கு 1100 அதிர்வு. அலைநீளம் சுமார் 31 செ.மீ. அதில் கால்பங்கு, ஏறத்தாழ 8 செ.மீ. ஆழமுள்ள அறை அந்த ஒலியைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டைக்குள் காற்று முன்னும் பின்னும் ஓடி உரசி, ஒலி வெப்பமாகிவிடும்.

இத்தோடு முடிந்தால் கம்ப்யூட்டர் எதற்கு? சுவரை ஒட்டிக் காற்று வேகமாய் ஓடுகிறதே! இங்கார்டு 1959-லும் மையர்ஸ் 1980-லும் தந்த எல்லை நிபந்தனை, சுவரோரம் மெதுவாகப் போகும் காற்றுப் படலத்துக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொண்டது. பலரும் அதையே புரோகிராமில் போட்டார்கள். நேரத்தில் படிப்படியாகக் கணக்கிடும்போது சில சமயம் விடை எங்கோ எகிறிவிடும். கட்டங்களைப் பொடியாக்கினால் சரியாகும் என்றுதானே நமக்குப் பாடம்? இங்கே பொடியாக்கப் பொடியாக்க மோசமாகும்! வடிகட்டி போட்டு அமுக்கி ஒப்பேற்றினார்கள். கோளாறு புரோகிராமில் இல்லை, அந்த நிபந்தனையிலேயே இருக்கிறது என்று 2009-ல் பிராம்ப்ளி காட்டினார். 2011-ல் அவரும், தனியாக ரீன்ஸ்ட்ரா, டராவ் இருவரும் படலத்துக்கு மெல்லிய தடிமன் கொடுத்துத் திருத்தினார்கள்.

கணக்கு தப்பினால் தேவையில்லாத எடையை விமானம் சுமக்கும், சத்தமும் குறையாது. மீனம்பாக்கத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முஞ்சால் 1987-ல் எழுதிய, குழாய்களும் மஃப்ளர்களும் பற்றிய நூலில் தொடங்குங்கள். (லாரி சைலன்சரும் இதற்குப் பங்காளிதான்!) பிறகு ஒரு பி.வி.சி. பைப், ஒரு முனையில் ஸ்பீக்கர், பக்கவாட்டில் ஆழம் மாற்றக்கூடிய அறை. முதலில் கம்ப்யூட்டரில் போடுங்கள், அப்புறம் மைக் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த சந்திப்பில் உட்கார்ந்து பேசலாம்.