தோட்டத்துக் குடும்பங்களின் போதகர்: ஜான் ரங்கையா

ஜான் ரங்கையா 1903ஆம் ஆண்டு, மனைவி மக்களோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவர் ஒரு தெலுங்கு பாப்டிஸ்ட் போதகர். அவரை அனுப்பியது வெள்ளைக்காரர்களின் மிஷன் அன்று. ஆந்திரக் கரையோரச் சபைகள் தாங்களே காணிக்கை சேர்த்து நடத்திய உள்நாட்டு மிஷன் சங்கம்தான் அவரைக் கப்பலேற்றியது. ஏழைகள் ஏழைகளுக்காக அனுப்பிய போதகர் என்பதே அவருடைய ஊழியத்தைப் புரிந்துகொள்வதற்கான முதல் செய்தி.

அந்தச் சபைகளின் கதை நெல்லூரில் தொடங்குகிறது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி சாமுவேல் டே 1836இல் இந்தியா வந்து, 1840இல் நெல்லூரில் நிலைகொண்டார். பல ஆண்டுகளுக்குப் பலன் மிகக் குறைவு. மிஷனை மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்ப விவாதித்தார்கள். நிலைமை மாறியது ஓங்கோலில். 1876-78 பெரும் பஞ்சத்தின்போது ஜான் கிளவ் என்ற மிஷனரி பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, பஞ்சம் தணியும்வரை எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பிறகு 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களில் பெரும்பாலோர் தோல் வேலை செய்து பிழைத்த மாதிகர் சமூகத்தினர்.

இதே கரையோர மாவட்டங்களிலிருந்தும் டர்பன் அமைந்த நேட்டாலுக்கு ஆள் போனது. 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போய்ச் சேர்ந்தனர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்; தமிழரும் தெலுங்கரும் ஒரே லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்தார்கள். முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பதே விதித்த அளவு. குடும்பம் என்ற ஒன்றை நினைத்துப் பார்க்காமல் வகுத்த ஏற்பாடு அது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பதிவேட்டில் ஆளை அடையாளம் காட்டியது அந்த எண்.

நேட்டாலின் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தெலுங்கு பாப்டிஸ்டுகள் போதகர் இல்லாமலே கூடி ஜெபித்து வந்தனர். ரங்கையா அவர்களிடம் போனார். 1903 டிசம்பர் இறுதியில் அங்கே எழுந்த சபைதான் தென்னாப்பிரிக்காவின் முதல் இந்திய பாப்டிஸ்ட் சபை. கடலோரக் கரும்புத் தோட்டங்களிலும் ஊர்களிலும் அடுத்தடுத்துச் சபைகள் எழுந்தன.

பாப்டிஸ்ட் மரபில் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. போதகரின் பிள்ளையே ஆனாலும், விவரம் தெரிந்த வயதில் தானாக முன்வந்து விசுவாசத்தை அறிக்கையிட்டு, தண்ணீரில் முழுகி எழ வேண்டும். ஆகவே போதகர் ஒரு குடும்பத்தை மொத்தமாகச் சபையில் எழுதிக்கொள்ள முடியாது. அப்பா, அம்மா, மகள், மருமகன் என்று ஒவ்வொருவராகப் பேசிப் புரியவைக்க வேண்டும். ஒரு வீட்டில் அவருக்குள்ள செல்வாக்கு அந்தப் பேச்சில்தான் வளர்கிறது. பதிவேடு எண்ணால் குறித்த ஆட்களை ரங்கையா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அதுவும் தாய்மொழியில். இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள முடியாது.

குடும்பங்களை நெருக்கிய சட்டங்களும் அக்காலத்தில் இருந்தன. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். பதினாறு வயது தாண்டிய மகனுக்கும் பதின்மூன்று தாண்டிய மகளுக்கும் அதே வரி. 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணங்களைத் தவிர மற்றவற்றை ஏற்க மறுத்தது. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கக் காரணமான தீர்ப்பு இது. 1914இல்தான் வரியும் திருமணச் சிக்கலும் தீர்ந்தன. யாருக்கு யார் மனைவி, யார் பிள்ளை என்பதற்குத் தாளில் எழுதிய சான்று எவ்வளவு தேவை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

ரங்கையா 1915இல் காலமானார். பிற்காலத்தில் அவர் மகன் தியோபிலஸ் ரங்கையா அதே மக்களுக்குப் போதகராகி, நெடுங்காலம் பணியைத் தாங்கினார்.

நேட்டாலைப் போலவே, மலேசியாவில் நம் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களிலும் தமிழரோடு தெலுங்குக் குடும்பங்கள் வாழ்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்கள் கலைந்து, மக்கள் பட்டணங்களுக்கு நகர்ந்தனர். இங்கும் பால் மரம் வெட்டியவர்களின் பெயரைத் தோட்டத்து செக்ரோல் என்ற வேலையாள் பதிவேடு வைத்திருந்தது; அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களின் உறவுகளைச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் எழுதி வைத்தன. கெடாவின் ஜித்ராவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் அத்தகைய பழைய ஏடு எந்த வீட்டுப் பெட்டியில் இருந்தாலும், கறையான் அரிக்குமுன் படியெடுத்து வைக்க வேண்டும். இங்கே தோட்டங்களில் ஊழியம் செய்த போதகர்களைப் பார்த்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.