புளிப்பும் நொதிப்பும்



மொழியியல் பயின்ற நாம் ஈஸ்டைப் பற்றிப் பேச வந்தது வியப்பாகலாம். நம்மை இங்கு இழுத்து வந்தது புளித்தல் என்னும் சொல். மாவு புளித்தது என்றால் மகிழ்கிறோம். கள் புளித்துவிட்டது என்றால் முகம் சுளிக்கிறோம். அறிவியலோ இதனை நொதித்தல், அமிலமாதல் என இரண்டாகப் பிரிக்கிறது. பிரித்தேயாக வேண்டும், நொதித்தலைத் தொடர்ந்து வரும் அமிலமே நொதித்தலை நிறுத்திவிடவும் கூடும்.

செபராங் பிறைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் அறிந்த தென்னங்கள்ளையே எடுத்துக்கொள்வோம். பாளையில் வடியும் இனிய நீரின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. காற்றுப்பட விட்டால் பாக்டீரியாக்கள் அந்த ஆல்ககாலை அசிட்டிக் அமிலமாக்கும். அதுவே காடி.

இவ்வமிலம் மின்னேற்றமற்ற முழு மூலக்கூறாக இருக்கையில்தான் ஈஸ்டின் மென்படலத்தை எளிதில் கடக்கும். பி.எச். 4.76 இல் அதன் பாதி அவ்வாறிருக்கும். புளிப்பு ஏற ஏற அப்பங்கு கூடும். உயிரணுவின் உள்ளே ஏறத்தாழ நடுநிலை ஆதலின், அங்கு அமிலம் பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடும். அதனை வெளியேற்ற ஈஸ்ட் ஏடிபி என்னும் ஆற்றற் பொருளைச் செலவிடுகிறது. சிறிதளவு அமிலமாயின் அச்செலவை ஈடுகட்டச் சர்க்கரையை விரைந்து சிதைக்கும். அளவு மீறின் வளர்ச்சி தளரும், சுவாசமும் நொதித்தலும் ஒடுங்கும். லாக்டிக் அமிலத்துக்கு அப்பாதிநிலை 3.86 இல் அமைவதால், ஒரே பி.எச். அளவில் அசிட்டிக்கே ஈஸ்டுக்குக் கடியது. பதநீர் இறக்குவோர் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது இதற்கு நேர் எதிரான வழி: காரத்தால் நொதித்தலைத் தடுப்பது.

சொல்லுக்கு வருவோம். புளியமரத்தைக் குறிக்கும் புளிக்கும் சுவையைக் குறிக்கும் புளிக்கும் தொல்காப்பியம் வேறு வேறு புணர்ச்சி விதி கூறுகிறது: புளியங்கொம்பு என்பது மரம், புளிங்கூழ் என்பது சுவை. வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்டிய மரபு நம்முடையது. மலாய் மொழி அடுக்களைத் தாப்பாயிலிருந்தே பெனாப்பாயான் என நொதித்தலுக்குப் பெயர் அமைத்தது. (அம்மொழியில் ராகி என்பது ஈஸ்டுக் கட்டி, கேழ்வரகன்று. நம் மாணவர் தடுமாறுமிடம் இது.)

தமிழ்ப் பள்ளிகளின் அறிவியல் பாடம் 2003 இல் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கிப் பின்னர் தமிழுக்கு மீண்டது. மீண்ட பாடத்தில் நொதித்தல் என்னும் சொல் பொருள் விளங்காது மனப்பாடமாகுமாயின் மீட்பின் பயன் என்ன? புளித்தலை வழக்குச் சொல்லென ஒதுக்குதல் தவறென்பதே நம் கருத்து. அதிலிருந்தே தொடங்குக. இரு புட்டிகளில் வெதுவெதுப்பான சர்க்கரை நீரும் ஈஸ்டும் இட்டு, ஒன்றில் மட்டும் காடி கலந்து, வாயில் பலூன் கட்டுங்கள். எது புளித்தது, எது நொதித்தது என்று மாணவரையே தமிழில் எழுதச் சொல்லுங்கள்.